ஒரு பாட்டில் பீர், ஐந்திலிருந்து எட்டு வரை

அடுத்தவர் குடித்ததற்கு நாம் கணக்குப் போடுவதுதான் எங்கள் தொழில். குடித்தவர் நிம்மதியாகத் தூங்குவார், கணக்குப் போட்டவருக்குத்தான் மண்டையிடி. தடயவியல் ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது இரும்புலியூரில் வீட்டோடு இருக்கிறேன். பீர், பிராந்தி எதுவும் என் நாக்கில் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. சபையில் திருவிருந்துக்குக் கொடுப்பதும் எங்களுக்குத் திராட்சை ஜூஸ்தான். ஆனாலும் பீரைப் பற்றி நான் எழுதித் தள்ளிய பக்கங்களை அடுக்கினால் எங்கள் வீட்டு பீரோ மூடாது.

நீங்களும் ஒரு தாளில் ஒரு நம்பரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் 'ஐயையோ, சரியாத்தான் போட்டேனா?' என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தவரா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், என் கதையைக் கேளுங்கள்.

கூண்டில் ஏறிய நாள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனேன். லாரி டிரைவர் ஒருவர், "ஒரே ஒரு பீர்தான் குடிச்சேன்" என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஒரு பீர் குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று நான் சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் கம்பீரமாகக் கூண்டில் ஏறி ஒரு நம்பரைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையச் சிரிப்பு. "எந்த பீரும்மா? சின்ன பாட்டிலா, பெரிய பாட்டிலா?" என்றார். நான் படித்தது வெளிநாட்டுப் புத்தகம். அதில் பீர் என்றால் கைக்கு அடக்கமான சின்ன பாட்டில். நம் ஊர்க் கடையில் ஒருவர் பீர் என்று கேட்டால் கிடைப்பது அறுநூற்றைம்பது மில்லி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதோடு விட்டாரா மனுஷர்? மைல்டா, ஸ்ட்ராங்கா, குளிர்ச்சியாக இருந்ததா, தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் திருதிருவென்று விழித்தேன். அன்றிலிருந்து பாட்டில் அளவைக் கேட்காமல் எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. மற்ற கேள்விகளை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன், அதுதான் பின்னால் வினையாயிற்று. வக்கீல் உட்காருவதற்கு முன் நீதிபதியைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, சாட்சிக்கு பீரைப் பத்தி எல்லாமே தெரிஞ்சிருக்கு, குடிக்கிறவனுக்குத் தெரிஞ்ச விஷயத்தைத் தவிர."

ஜெயசீலன் சாருக்கு ஒரு நம்பர் வேண்டும்

ஓய்வு பெற்ற பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஜெயசீலன் சார் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபைக்காரர். அஸ்தினாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கரஸ்பாண்டன்ட். எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருப்பவர், அன்று சட்டையின் மேல் பட்டனைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். அவர் பள்ளி வேன் டிரைவர் தேசப்பன். பதினோரு வருஷமாக ஓட்டுகிறார், வேனில் ஒரு கீறல் கிடையாது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கோவளம் தாண்டி ஒரு குப்பத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஆயிற்றே, மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தி முடித்து, சாப்பாட்டோடு ஒரு பீரும் குடித்துவிட்டு, பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மேடவாக்கத்துக்கு பைக்கில் திரும்பியிருக்கிறார். மேடவாக்கத்தில் முன்னால் போன தண்ணி லாரி திடீரென்று பிரேக் போட, இவர் வலப்பக்கம் ஒடிக்க, சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவனின் ஸ்கூட்டரில் உரசிவிட்டது. அவனுக்கு முழங்கை சிராய்ப்பு. எழுந்து தட்டிக்கொண்டு, ஆர்டர் ஆறிவிடும் என்று போயே போய்விட்டான். போலீஸும் இல்லை, ஊதச் சொல்லவும் இல்லை, ரத்தம் எடுக்கவும் இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் அதே பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் அப்பா ஒருவர் நின்றிருக்கிறார். வாடை அடித்திருக்கிறது. 'குடித்துவிட்டு ஓட்டுபவரை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?' என்று அவர் எழுதியது ராத்திரிக்குள் பெற்றோர் வாட்ஸப் குரூப் முழுக்கப் பற்றிக்கொண்டது. பள்ளியில் ஒரு விதி உண்டு: லீவு நாளானாலும் சொந்த வண்டியானாலும், சட்டம் சொல்லும் அளவுக்கு மேல் ரத்தத்தில் சாராயத்தோடு ஓட்டினால் வேலை போய்விடும். அந்த அளவு நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம். தேசப்பன் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார்: ஒரு மணிக்குக் குடித்தேன், பெரிய பாட்டில் ஒன்று, நாலு மணிக்கு இடித்தேன். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் அதே பள்ளியில்தான், டிரைவர் பிள்ளைகள் என்ற சலுகையில் படிக்கிறார்கள். வேலை போனால் அவர்கள் படிப்பும் அங்கே முடிந்தது. "நாலு மணிக்கு அவர் ரத்தத்துல எவ்வளவு இருந்திருக்கும்? அதை மட்டும் எழுதிக் குடுங்க" என்றார் ஜெயசீலன் சார்.

இதென்ன பிரமாதம்? பழைய படிவத்தின் ஜெராக்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. குடித்த சாராயம் எத்தனை கிராம் என்று பார்த்து, உடம்பு எடைக்கு ஏற்ப வகுத்து, மணிக்கு இவ்வளவு கரையும் என்று கழித்தால் விடை வந்துவிடும். பாட்டில் அளவை மறக்காமல் எழுதினேன். தெரியாத கட்டங்களில், ஆய்வகத்தில் காலம் காலமாக என்ன எழுதுவோமோ அதைக் கை தானாக எழுதியது: பீர் ஐந்து சதவீதம், ஆள் எழுபது கிலோ. ஒன்பது மில்லிகிராம் என்று விடை வந்தது. முப்பதுக்கு எங்கேயோ கீழே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜெயசீலன் சார் வாங்கிப் பார்த்து, "ஒன்பதா! எங்க பசங்க பரீட்சையில ஒன்பது வாங்கினா எனக்கு ரத்தம் கொதிக்கும் சிஸ்டர், இன்னிக்குத்தான் அந்த நம்பரைப் பாத்து ஸ்தோத்திரம் சொல்றேன்" என்றார்.

வஞ்சிரத்தோடு வந்த சேதி

புதன்கிழமை காலை வாசல் கேட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பெண்மணி நின்றார். தலையில் கூடை. தேசப்பனின் மனைவி கன்னியம்மா. விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்து மேடவாக்கத்தில் விற்பவர், அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "எங்க வூட்டுக்காரரு வேலைய காப்பாத்திட்டீங்கக்கா" என்று கூடையிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தைத் தூக்கினார். என் கை நீளத்துக்கு இருந்தது. "ஐயோ வேண்டாம்மா, நான் எழுதிக் குடுத்ததுக்கு எதுவும் வாங்கக்கூடாது" என்று நான் தர்மநியாயம் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக்காரர் பின்கட்டில் பெரிய அலுமினியத் தட்டை எடுத்து வைத்துவிட்டார். கன்னியம்மா அங்கேயே அருவாமனை போட்டு உட்கார்ந்து, சர்சர்ரென்று செதில் எடுத்துத் துண்டு போட ஆரம்பித்தார்.

நானும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் படிப்பு, பஸ், வெயில் என்று பேச்சு ஓடியது. பெரியவள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாளாம். சின்னவள் எதற்கும் படிக்க மாட்டேன் என்கிறாளாம். நடுவில் நான் சும்மா இருக்க முடியாமல், "என்ன, ஒரு மைல்டு பீர் குடிச்சதுக்கு இவ்ளோ பேஜாராயிடுச்சு" என்று ஆறுதலாகச் சொன்னேன். கன்னியம்மா அருவாமனையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பாவமாகப் பார்த்தார். "மைல்டா? இன்னாக்கா நீங்க, எங்க ஆளுங்க மைல்டு குடிப்பாங்களா? அது ஜொரம் வந்த கொய்ந்தைக்கு ஊத்துற தண்ணி மாதிரி கீதும்பாங்க. அன்னிக்கு வந்து எறங்குன பொட்டி அத்தினியும் ஸ்ட்ராங்குதான்."

கணக்கு வாத்தியார் திருத்தினார்

வஞ்சிரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, துண்டு போட்டாகிவிட்டது. கன்னியம்மாவிடம் மெல்ல, "அந்த பாட்டில் இன்னும் இருக்குமா?" என்று கேட்டேன். காலி பாட்டில் எல்லாம் நாத்தனார் வீட்டுக் கோணியில் கிடக்கிறது என்றார். போன் போட்டு லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சாராயம் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரு நம்பர் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஐந்துக்கு மேல், எட்டுக்கு மிகாமல் என்று போட்டிருந்தது. ஐந்தரை இருந்தாலும் லேபிள் பொய் சொல்லவில்லை, ஏழே முக்கால் இருந்தாலும் பொய் சொல்லவில்லை. அரிசி மூட்டையில் 'இருபது கிலோவுக்கு மேல், முப்பத்திரண்டுக்கு மிகாமல்' என்று போட்டால் நாம் வாங்குவோமா சொல்லுங்கள்.

கன்னியம்மா போன பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். ஐந்து என்றால் ஒன்பது மில்லிகிராம். எட்டு என்றால் நாற்பத்தொன்று. ஒரே ஆள், ஒரே பாட்டில், ஒரே நேரம். ஒரு முனையில் தேசப்பன் வேலையில் இருக்கிறார், மறுமுனையில் வீட்டில் இருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த மனுஷர் பிழைத்துக்கொள்வார், பெண்கள் படிப்பார்கள். வாயைத் திறந்தால் அவர் வேலைக்கு நானே உலை வைத்ததாக ஆகிவிடும். திறக்காவிட்டால், முப்பது வருஷம் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன மரியாதை? அதை விடுங்கள், நாளைக்கு நிஜமாகவே ஒருவர் குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனால்? அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன், மீன்குழம்பு கொதிக்கும் வாசனையோடு.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். என் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒரு பையன் 'விடை ஒன்பதுலேந்து நாப்பத்தொண்ணு வரைக்கும்'னு எழுதினா நான் அரை மார்க் போடுவேன் லில்லி. தெரியாதத ஒன்பதுன்னே அடிச்சி எழுதினா முட்டி போட வைப்பேன்."

பேட்ச் நம்பர்

ஜெயசீலன் சாருக்குப் போன் செய்து, அறிக்கையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை விசாரணை, அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. லேபிள் சொல்லாவிட்டால் என்ன, பாட்டிலைத் திறந்து நாமே அளந்துவிட்டால் போகிறது. தேசப்பன் குடித்தது வயிற்றுக்குள் போயாயிற்று, ஆனால் அதே பீர் கடையில் இருக்குமே. என் பழைய சிநேகிதி புவனா, ஆய்வகத்தில் என் பக்கத்து மேஜை, இப்போது ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். அளந்து தருகிறேன், பாட்டிலைக் கொண்டுவா என்றாள். பிரச்சினை என்னவென்றால், பாட்டிலை யார் வாங்குவது? எங்கள் வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் ஞாயிறு பள்ளி டீச்சர். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், நான் தோற்றேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்ததும் போய் நின்றேன். காட்டன் புடவை, கையில் காய்கறிப் பை. வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்கள். ஒருவர் வாயிலிருந்த பீடியைக் காலில் போட்டு அணைத்தார். "அக்காவுக்கு வழி விடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, வரிசை அப்படியே இரண்டாகப் பிரிந்தது. தாம்பரத்தில் எந்த பேங்க்கிலும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. கம்பி ஜன்னலுக்குள் போனை நீட்டி, படத்தில் இருந்த பீரைக் காட்டி, "இதே பேட்ச் நம்பர்ல ஆறு பாட்டில் வேணும்" என்றேன். விற்பவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டி பெட்டியாகத் திருப்பித் தேடினார். அந்த பேட்ச் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்த பேட்ச்சில் மூன்றும் பின்னால் வந்ததில் மூன்றும் கிடைத்தன. பையில் முருங்கைக்கீரையை மேலே பரப்பிக்கொண்டேன். பாட்டில்களைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "இருவது வருசமா இங்க நிக்கிறேன்மா. கூலிங் கீதான்னு கேப்பாங்க, ஒரிஜினலான்னு கேப்பாங்க. பேட்ச் நம்பர் பாத்துக் குடிக்கிற மொத ஆளு நீங்கதான்."

பாரத்தோடு ஜெபித்தார்கள்

முருங்கைக்கீரை எதையும் மறைக்கவில்லை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் மேரி, கடைக்கு எதிர்சாரியில் பஸ்ஸுக்கு நின்றபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது கேட்டில் வந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. விஷயத்தை நான் விளக்குவதற்குள் பாதி ஜெபமே முடித்துவிட்டார். நான் அவசர அவசரமாக டிரைவர், லேபிள், சதவீதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இரக்கம்தான் கூடியதே தவிர நம்பிக்கை வரவில்லை. தெருவில் இறங்கும்போது திரும்பி எனக்குத் தைரியம் சொன்னார்: "நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல லில்லி, ஜெபக் குழுவுல மட்டும்தான் சொன்னேன்."

சிங்க்குக்கு ஊற்றியது

புவனா ஆறு பாட்டிலையும் வரிசையாக வைத்து நம்பர் ஒட்டினாள். முதலில் நுரை அடங்க வேண்டும், அப்புறம் காய்ச்சி வடித்து, வந்ததன் எடையைத் தண்ணீரின் எடையோடு ஒப்பிட்டு, சாராயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய நாள் போல இருவரும் கோட்டு மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றோம். முதல் பாட்டில் ஆறரை சதவீதம். இரண்டாவது ஏழு. அப்பாடா, ஒரு நம்பர் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது ஏழரையைத் தாண்டியது. சந்தேகப்பட்டு மறுபடி காய்ச்சினாள், அதேதான். மற்ற மூன்றும் இந்த மூன்றுக்கு நடுவிலேயே ஆளுக்கொரு பக்கமாக நின்றன. ஒரே பெயர், ஒரே லேபிள்.

கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஆறரை என்றால் இருபத்தைந்து மில்லிகிராம், வேலை தப்பியது. ஏழரை தாண்டியது என்றால் முப்பத்தேழு, வேலை போயிற்று. நடுவில் இருந்த ஏழு சரியாக முப்பதின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கைக்கு எந்த பாட்டில் வந்ததோ, அது அந்தக் கோணிக்குத்தான் வெளிச்சம். இதை வைத்து மேலே என்றும் சொல்ல முடியாது, கீழே என்றும் சொல்ல முடியாது. புவனா என் தோளில் கை வைத்து, "உள்ளதைச் சொல்லு, வேற வழியில்ல" என்றாள். மிச்ச பீரை எல்லாம் அவள் சிங்க்கில் ஊற்றச் சொன்னாள். லேப் அட்டெண்டர் முதல் பாட்டிலை ஊற்றினார், இரண்டாவதை ஊற்றினார், கடைசி பாட்டில் வரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார். "மேடம், ஒரு மனுசன் ஒண்ணு குடிச்சதுக்கு வேல போவுது, இந்த சிங்க்கு அஞ்சரை குடிச்சிட்டு கல்லு மாதிரி நிக்குது பாருங்க" என்றார்.

சிக் ரூம் எடை மெஷின்

சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் விசாரணை. ஜெயசீலன் சார், ஹெட்மிஸ்ட்ரஸ், புகார் எழுதிய அப்பா, நான். வெளியே மரத்தடியில் கன்னியம்மா இரண்டு பெண்களோடு நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் கையிலிருந்த தாளைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். உள்ளே போய், உட்காராமல் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் முதல் அறிக்கை தவறு. எந்த பீர் என்று கேட்காமலே ஐந்து சதவீதம் என்று நானாகப் போட்டேன். அவர் குடித்தது ஸ்ட்ராங். அந்த பீர் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிறது, நானே அளந்து பார்த்தேன். முப்பதுக்குக் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். எது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. புகார் எழுதியவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரும் பாவம், ஒற்றைப் பிள்ளையின் அப்பா. தாழ்ந்த குரலில், "மேலேயும் இருக்கலாம்தானே மேடம்?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம் என்றேன். ஜெயசீலன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டே தேசப்பனை உள்ளே வரச் சொன்னார்.

கதவு திறந்தது. அறையில் வெளிச்சம் குறைந்தது. நான் அதுவரை தேசப்பனைப் பார்த்ததே இல்லை, அதை அப்போதுதான் உணர்ந்தேன். நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வந்தார். தொந்தி என்று ஒன்றும் கிடையாது. வலை இழுத்தே வளர்ந்த தோள், ஆளை மறைக்கும் முதுகு. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்காரப் போனவர், அது முனகியதும் சங்கடப்பட்டு எழுந்து நின்றுகொண்டார். எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. அட மடச்சி! பீருக்குப் போட்டது போலவே ஆளுக்கும் நானாகத்தானே எழுபது போட்டேன்! எங்கள் ஆய்வகத்துக்கு எடை எழுதாமல் வந்த எல்லோரும் எழுபது கிலோதான், குண்டு, ஒல்லி என்ற பேதமில்லை. மூன்று நாள் பாட்டிலைப் பார்த்து அழுத நான், குடித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க எடை என்ன தேசப்பன்?" என்று கத்தியே விட்டேன். "வேன் எடையா மேடம்?" என்றார் அவர். ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடிப் போய், பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் எடை மெஷினை சிக் ரூமிலிருந்து தூக்கி வந்தார். தேசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு ஏறி நின்றார். முள் ஒரு ஆட்டம் ஆடி நூற்று நாலில் நின்றது.

அங்கேயே அறிக்கையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஏழு, ஏழரை எல்லாம் வேண்டாம், லேபிள் சொல்லும் உச்சம், எட்டே இருக்கட்டும் என்று வைத்தேன். பதிமூன்று வந்தது. சரி, சிலர் உடம்பு சாராயத்தை ரொம்ப மெதுவாகக் கரைக்கும், அப்படியும் ஒருமுறை போட்டேன். இருபத்தெட்டு. எந்த பாட்டிலாக இருந்தாலும் முப்பதைத் தொடவில்லை. பீரில் ஒரு தப்பு, ஆளில் ஒரு தப்பு, இரண்டும் எதிரெதிராக இழுத்து முதல் அறிக்கையின் முடிவை மட்டும் காப்பாற்றியிருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? புகார் எழுதியவர் என்னிடம் ஃபார்முலாவைக் கேட்டு வாங்கி, தன் போனில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜெயசீலன் சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த எடை மெஷினுக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசப்பன் வேலை போகவில்லை, பெண்கள் அங்கேயேதான் படிக்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேறு டிரைவர் ஓட்ட, இவர் வேன் வாசலில் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். அந்த டெலிவரிப் பையனைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இரண்டையும் பள்ளி சொல்லவில்லை, அவராகவே கேட்டு எடுத்துக்கொண்டது. அன்று நாங்கள் எல்லோரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் மெஷின் பக்கத்தில் அப்படியே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கீழதான் கீதுன்னு சொல்லிட்டீங்க, ரொம்ப சந்தோசம் மேடம், எங்க பொண்ணுங்க பொயச்சிக்கிச்சுங்க. ஆனா அந்தத் தம்பிய இடிக்கிற வரிக்கும் நான் பாக்கவே இல்ல. நூத்தி நாலு கிலோ கீறதால எனக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சிதுன்னு எழுதித் தருவீங்களா?"

இப்போதெல்லாம் யாராவது "ஒரே ஒரு பீர்தான் மேடம்" என்று ஆரம்பித்தால், கால்குலேட்டரைத் தேடுவதற்கு முன்னால் சொல்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன், படிவத்தில் அதற்குத்தான் கட்டமே கிடையாது.